நமது வறண்ட சீமை: நிலமும் மக்களும் ஆட்சியும்

கூட்டுறவுச் சங்க அங்கத்தினர் ஒவ்வொருவரும் தம் சங்கத்தின் துணைவிதிகளை அறிந்திருத்தல் வேண்டும் என்று நாம் இடைவிடாது வற்புறுத்தி வருகிறோம். அதற்கும் முன்னதாக அறிய வேண்டுவது ஒன்றுண்டு. அது தாம் வாழும் சீமையின் இயல்பு. கங்கை எங்கே தோன்றி எங்கே கடலிற் கலக்கிறது என்பதைப் பள்ளியிற் படித்தோம். நம் ஊர்க் கண்மாய் மறுகால் பாய்ந்தால் அந்நீர் எந்த ஊருக்குச் செல்கிறது, அதன் மடை பழுதுற்றால் எந்த அலுவலகத்தில் முறையிட வேண்டும் என்று எவரேனும் வினவினால் நம்மிற் பலர் தயங்கி நிற்போம்.

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டங்களின் நில அமைப்பு, மக்கள், ஆட்சி ஆகிய மூன்றையும் அங்கத்தினர்களுக்கு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். இம்மூன்றையும் சேர்த்து நோக்கினால் ஓர் உண்மை புலனாகும். நீர் ஓடும் வழி ஒன்று. ஆட்சி வகுத்த எல்லை மற்றொன்று. இவ்விரண்டும் பல இடங்களில் பொருந்துவதில்லை. இரண்டையும் அறிந்த ஊர், ஐப்பசி மழைக்கு முன் தன் கண்மாயைச் சீர்செய்து கொள்கிறது. அறியாத ஊர், மனு எழுதிக்கொண்டே பருவத்தை இழந்து விடுகிறது.

நிலத்தின் அமைப்பு

மதுரைக்குத் தெற்கே ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவில், தூத்துக்குடிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் அமைந்திருப்பது அருப்புக்கோட்டை. அதற்குக் கிழக்கே சற்றுத் தொலைவில் குண்டாற்றின் கரையில் உள்ளது திருச்சுழி. மேற்கே மலைத்தொடர், கிழக்கே கடல். இவ்விரண்டுக்கும் இடையே மிக மெதுவாகக் கிழக்கு நோக்கிச் சரியும் சமவெளியே நமது நாடு. வடக்கே வைகையும் தெற்கே வைப்பாறும் பாய, நடுவே குண்டாறு செல்கிறது.

ஆறு என்று சொல்கிறோமே அன்றி, ஆண்டின் பெரும்பகுதியில் குண்டாறு மணற்பரப்பாகவே கிடக்கும். மேற்கு மலைச் சரிவுகளில் தோன்றி, திருமங்கலம் வழியாக வந்து, திருச்சுழி, கமுதி ஆகிய ஊர்களைத் தொட்டு, மன்னார் வளைகுடாவை நோக்கிச் செல்கிறது. இடையே எத்தனையோ கண்மாய்கள் அதன் நீரை வாங்கிக் கொள்வதால், பெருமழை பெய்த ஆண்டில்தான் கடல் அதன் முகத்தைக் காணும்.

மண் பெரும்பாலும் கரிசல், இடையிடையே செவல். கரிசலின் குணத்தை நம் விவசாயிகளுக்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. கோடையில் வண்டி மாட்டின் கால் புதையும் அளவுக்கு வெடித்துக் கிடக்கும். நல்ல மழை பெய்தால் உப்பி வெடிப்புகளை மூடிக்கொள்ளும். ஈரத்தை நெடுநாள் தன்னகத்தே வைத்திருக்கும் இத்தன்மையினாலேயே, இரண்டு மூன்று மழையை நம்பிப் பருத்தியும் மல்லியும் விளைவிக்க முடிகிறது.

இத்தகைய மண் நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. ஐக்கிய அமெரிக்க நாடுகளைச் சேர்ந்த டெக்ஸாஸ் மாநிலத்தின் நடுப்பகுதியில் வடக்குத் தெற்காக நீண்ட ஒரு கருமண் பட்டை உண்டு. அதுவும் வெயிலில் வெடித்து மழையில் உப்பும் இயல்புடையது. மண்ணியலார் அதனையும் நமது கரிசலையும் ஒரே இனமாகவே வகைப்படுத்தியுள்ளனர். அங்கும் அந்நிலத்தில் முதலில் செழித்தது பருத்தியே. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நம் பக்கத்தில் பரவிய கம்போடியாப் பருத்தி, பெயரால் கிழக்காசியாவினதாயினும், இனத்தால் அமெரிக்கப் பருத்தியே. அதற்கு முன் நம் முன்னோர் மானாவாரியாகப் பயிரிட்டு வந்தது கருங்கண்ணி போன்ற நாட்டுப் பருத்தி.

இன்று பருத்தியின் பரப்பு முன்போல் இல்லை. மக்காச்சோளம் அதன் இடத்தைப் பெரிதும் பிடித்துள்ளது. எனினும் குதிரைவாலி, கம்பு, சோளம், உளுந்து, பாசிப்பயறு, மல்லி, மிளகாய் ஆகியவை நமது சீமையின் அடையாளமாகவே நீடித்து வருகின்றன.

நீரும் கண்மாயும்

விருதுநகர் மாவட்டத்தில் ஆண்டொன்றுக்குச் சராசரியாக ஏறத்தாழ 800 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. டெக்ஸாஸின் மேற்குச் சமவெளியில் லபக் என்னும் பருத்தி நகரத்தைச் சுற்றிப் பெய்யும் மழை 500 மில்லிமீட்டருக்கும் குறைவு. ஆகவே நமது குறை மழையின் அளவில் மட்டும் இல்லை. அது வரும் முறையில் இருக்கிறது. பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை மாதங்களில், வடகிழக்குப் பருவக்காற்றுடன் ஒருசில நாட்களிலேயே கொட்டித் தீர்த்து விடுகிறது. அந்நாட்களில் பிடித்து வைக்காத நீர் நமக்குரியதன்று.

இதனை உணர்ந்தே நம் முன்னோர் கண்மாய்களை வெட்டினர். ஒவ்வொரு கண்மாயும் தனித்தனியாக நிற்பதில்லை. மேலக் கண்மாய் நிறைந்தால் அதன் கலுங்கு வழியே மறுகால் நீர் வெளியேறும். அதுவே கீழ்க் கண்மாய்க்கு வரத்து. இவ்வாறு ஒன்றன்பின் ஒன்றாகக் கண்மாய்கள் மாலைபோல் கோக்கப்பட்டுள்ளன. சங்கிலியின் நடுவே ஓர் ஊர் தன் வரத்துக்காலைத் தூர்ந்துபோக விட்டால், கீழேயுள்ள ஊர்கள் யாவும் வறளும். ஒருவர் கலுங்கின் மட்டத்தை ஒரு சாண் உயர்த்தினால் அவர் ஊரில் நீர் கூடுதலாக நிற்கும். அடுத்த ஊரில் வயல் காயும். நம் பகுதியின் ஊர்ச் சண்டைகளிற் பல இந்த ஒரு சாணிலிருந்து பிறந்தவை.

கண்மாயின் பகைவன் சீமைக்கருவேல். இதுவும் அமெரிக்கக் கண்டங்களிலிருந்து வந்ததே. இதன் இனத்தைச் சேர்ந்த மற்றொரு முட்செடி டெக்ஸாஸின் மேய்ச்சல் நிலங்களிற் பரவி அங்குள்ளாரையும் அல்லற்படுத்துகிறது. நமது திருச்சுழி, நரிக்குடிப் பகுதிகளில் இதனை வெட்டிக் கரிமூட்டம் போட்டுப் பிழைக்கும் குடும்பங்கள் பல உண்டு. ஆதலால் இதனை ஒரே நாளில் ஒழித்து விடுவோம் என்று பேசுவது எளிது; செய்வது அரிது. எனினும் கண்மாயின் உள்வாயிலும் வரத்துக்காலிலும் இது நிற்கலாகாது என்பதில் இரு கருத்துக்கு இடமில்லை.

வெளியிலிருந்து நீர் கொணரும் முயற்சிகளும் உள்ளன. வைகையிலிருந்து கிருதுமால் நதி வழியாக நரிக்குடிப் பகுதிக் கண்மாய்களுக்கு நீர் வருவதுண்டு. அருப்புக்கோட்டை நகரம் தாமிரபரணியின் நீரைக் குடிக்கிறது. காவிரியின் வெள்ள நீரை மாயனூர்க் கதவணையிலிருந்து ஏறத்தாழ 260 கிலோமீட்டர் நீளக் கால்வாயின் மூலம் வைகைக்கும் குண்டாற்றுக்கும் கொண்டுவரும் திட்டத்துக்கு 2021ஆம் ஆண்டு பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்டது. அந்நீர் வரும் நாளில் அதனை ஏற்க நம் கண்மாய்கள் ஆழமும் கரையும் உடையனவாய் இருத்தல் வேண்டும்.

மக்களும் தொழிலும்

2011ஆம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கின்படி விருதுநகர் மாவட்டத்தில் வாழ்ந்தோர் 19,42,288 பேர். அருப்புக்கோட்டை நகராட்சியில் மட்டும் 87 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர். ஆடவரைவிடப் பெண்டிர் தொகை சற்று மிகுதியாக உள்ள மாவட்டம் இது. ஆடவர் பலர் வெளியூர்களிலும் வெளிநாடுகளிலும் பிழைப்புத் தேடிச் செல்வதையும் இதனோடு வைத்து எண்ணிப் பார்க்கலாம்.

நம் தெருக்களில் ஒலிக்கும் மொழி தமிழ் ஒன்றே என்று எண்ணிவிடலாகாது. கரிசல் கிராமங்கள் பலவற்றில் விவசாயக் குடும்பங்கள் வீட்டில் தெலுங்கு பேசுகின்றன. நெசவாளர் தெருக்களில் கன்னடமும் கேட்கலாம். பல தலைமுறைக்கு முன் நிலம் தேடியும் தறியோடும் வந்தவர்களின் வழித்தோன்றல்கள் இவர்கள். இன்று இம்மண்ணுக்கே உரியவர்கள். அருப்புக்கோட்டை, பாளையம்பட்டி, விருதுநகர், சாத்தூர், சிவகாசி முதலிய ஊர்களில் வணிகம் செய்த நாடார் சமூகத்தார், சரக்கின் அளவுக்கேற்பச் சிறு தொகை ஒதுக்கி மகமை நிதியாகச் சேர்த்து, அதிலிருந்து பள்ளிகளும் பொதுக் கிணறுகளும் அமைத்தனர். கூட்டுறவுச் சட்டம் 1904ஆம் ஆண்டில் வருமுன்னரே, சிறு துளி சேர்த்துப் பொதுநலம் பேணும் பழக்கம் நம் சீமையில் வேரூன்றியிருந்தது என்பதற்கு இஃது ஒரு சான்று.

இரமண மகரிஷி 1879ஆம் ஆண்டில் பிறந்தது திருச்சுழியில். 1954 முதல் 1963 வரை முதலமைச்சராயிருந்த காமராசர் 1903ஆம் ஆண்டில் பிறந்தது விருதுநகரில். 1977ஆம் ஆண்டில் எம்.ஜி.ஆர். முதன்முறை முதலமைச்சரானபோது அவரைச் சட்டசபைக்கு அனுப்பிய தொகுதி அருப்புக்கோட்டை. தண்ணீர் குறைந்த சீமை, பெயர் பெற்ற மனிதர்களுக்குக் குறைவில்லாத சீமை.

இப்பத்திரிகையைப் படிப்போர் இரு சாரார்: நெய்வோரும் விளைவிப்போரும். வானத்தைப் பொறுத்தவரை இவ்விருவர் வேண்டுதலும் முரண்பட்டது. விவசாயி மழையை வேண்டுகிறார். தெருவிலே பாவு விரித்துக் கஞ்சி தோய்த்து உலர்த்த வேண்டிய நெசவாளருக்கோ வெயில் வேண்டும். ஆயினும் வெள்ளாமை பொய்த்த ஆண்டில் கிராமத்தார் துணி எடுப்பதைத் தள்ளிப் போடுகின்றனர்; சேலை சங்கத்தின் கிட்டங்கியில் தேங்குகிறது. கண்மாய் நிறைந்தால் தறியும் ஓடும். ஆகவே கண்மாயின் நலம் விவசாயிக்கு மட்டும் உரிய காரியம் என்று நெசவாளர் ஒதுங்கி நிற்றல் தகாது.

இருசாராரையும் இணைக்கும் நூற்பாலைகளும் அண்மையில் உள்ளன. கமுதிக்கு அருகே அச்சங்குளத்தில் நிறுவப்பட்டது இராமநாதபுரம் மாவட்டக் கூட்டுறவு நூற்பாலை. எட்டயபுரத்தில் பாரதி கூட்டுறவு நூற்பாலை. பருத்தி நூலாகி, நூல் துணியாகும் வழி முழுவதும் உழைப்போர் கையிலேயே இருத்தல் வேண்டும் என்ற எண்ணமே இத்தகைய ஆலைகளுக்கு அடிப்படை.

எல்லைகள் மாறிய வரலாறு

ஆட்சி எல்லைகள் நம் சீமையில் பலமுறை மாறியுள்ளன. சேதுபதி மன்னர்களின் இராமநாதபுரம் சீமை, 1803ஆம் ஆண்டில் ஆங்கிலேயக் கம்பெனியாரால் நிரந்தர ஜமீனாக ஆக்கப்பட்டது. அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பகுதிகள் அதனுள் அடங்கியிருந்தன. குடிகள் ஜமீனுக்குத் தீர்வை செலுத்தினர். கண்மாய்களைப் பழுதுபார்ப்பது ஜமீனின் பொறுப்பாயிருந்தது. அப்பொறுப்பு எல்லா இடத்தும் நிறைவேறியதென்று சொல்வதற்கில்லை.

1910ஆம் ஆண்டில் மதுரை, திருநெல்வேலி மாவட்டங்களின் பகுதிகளைச் சேர்த்து இராமநாதபுரம் மாவட்டம் தோற்றுவிக்கப்பட்டது. அம்மாவட்டக் கலெக்டரின் அலுவலகமோ மதுரை நகரில் இருந்தது. தம் மாவட்டத்து அதிகாரியைக் காண மக்கள் மற்றொரு மாவட்டத்தின் தலைநகருக்குச் செல்ல வேண்டியிருந்தது. இந்நிலை முக்கால் நூற்றாண்டு நீடித்தது. கடற்கரையில் தொண்டி முதல் மேற்கே இராஜபாளையம் வரை பரவியிருந்த அம்மாவட்டத்தில், கடலோரக் கிராமத்துக்கு மதுரை எத்தனை தொலைவு என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

1948ஆம் ஆண்டின் ஜமீன் ஒழிப்புச் சட்டத்தால் குடிகள் நேரே அரசாங்கத்தின் கீழ் வந்தனர், கண்மாய்களும் வந்தன. அவற்றுள் பெரியவை பொதுப்பணித்துறைக்கும், சிறியவை காலப்போக்கில் பஞ்சாயத்து யூனியன்களுக்கும் சென்றன. ஒரே சங்கிலியின் கண்மாய்கள் இரு அலுவலகங்களுக்குப் பிரிந்தது இவ்வாறுதான். இன்று வரை நாம் படும் குழப்பத்துக்கு மூலம் இதுவே.

1985ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் பழைய இராமநாதபுரம் மாவட்டம் மூன்றாயிற்று. கிழக்கே இராமநாதபுரம், வடக்கே சிவகங்கைப் பகுதி, மேற்கே நமது மாவட்டம். நமது மாவட்டத்துக்கு முதலில் காமராசர் பெயர் சூட்டப்பட்டது. மாவட்டங்களுக்குத் தலைவர்களின் பெயர்களை இடும் முறை 1997ஆம் ஆண்டில் கைவிடப்பட்டபோது, விருதுநகர் மாவட்டம் என்ற பெயர் நிலைத்தது. கலெக்டர் அலுவலகம் விருதுநகரில் இருக்க, மாவட்டத் தலைமை நீதிமன்றம் ஸ்ரீவில்லிபுத்தூரில் அமைந்துள்ளது.

ஆட்சியின் மூன்று ஏணிகள்

இன்றைய ஆட்சியை மூன்று ஏணிகளாகக் கொண்டால் எளிதில் விளங்கும்.

முதலாவது வருவாய்த்துறை ஏணி. கீழே கிராம நிருவாக அலுவலர், அவருக்கு மேல் வருவாய் ஆய்வாளர், பின்னர் வட்டத்துக்குத் தாசில்தார், கோட்டத்துக்குக் கோட்டாட்சியர், உச்சியில் கலெக்டர். பட்டா, அடங்கல், புறம்போக்கு, ஆக்கிரமிப்பு யாவும் இவ்வேணியைச் சேர்ந்தவை. இவர்கள் அனைவரும் அரசாங்கத்தால் நியமிக்கப்படுவோர்.

இரண்டாவது உள்ளாட்சி ஏணி. கிராமப் பஞ்சாயத்து, பஞ்சாயத்து யூனியன், மாவட்டப் பஞ்சாயத்து என்று இது உயரும். நம் பக்கத்தில் அருப்புக்கோட்டை, காரியாபட்டி, திருச்சுழி, நரிக்குடி ஆகியவை யூனியன்கள். நரிக்குடி யூனியன் திருச்சுழி வட்டத்தைச் சேர்ந்தது. வருவாய்க் கிராமத்தின் எல்லையும் பஞ்சாயத்தின் எல்லையும் ஒன்றாயிருக்க வேண்டும் என்ற நியதி இல்லை.

மூன்றாவது சட்டசபை, பாராளுமன்றத் தொகுதிகளின் ஏணி. தமிழ்நாட்டுச் சட்டசபையின் 234 உறுப்பினர்களில் நம் மாவட்டம் 7 பேரைத் தேர்ந்தெடுக்கிறது. ஈண்டு ஒரு விந்தை. அருப்புக்கோட்டைத் தொகுதி விருதுநகர் பாராளுமன்றத் தொகுதியில் அடங்கியது. திருச்சுழித் தொகுதியோ 2008ஆம் ஆண்டின் எல்லை வரையறைப்படி இராமநாதபுரம் பாராளுமன்றத் தொகுதியிற் சேர்ந்தது. திருச்சுழிக்காரரின் கலெக்டர் விருதுநகரில். அவருடைய பாராளுமன்ற உறுப்பினர் இராமநாதபுரத்துக்கு உரியவர். மாவட்டம் பிரிந்தும் பழைய சீமையின் ஓர் இழை அறுபடாமல் இருக்கிறது எனலாம்.

நமது சங்கங்கள் இவ்வேணிகளுக்குப் புறம்பே தனித்து நிற்பவை. 1983ஆம் ஆண்டின் தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டமே இருவகைச் சங்கங்களுக்கும் பொது. எனினும் விவசாயக் கடன் சங்கங்கள் கூட்டுறவுத் துறையின் பதிவாளருக்கும், நெசவாளர் சங்கங்கள் கைத்தறித் துறையின் இயக்குநருக்கும் உட்பட்டவை. ஒரே தெருவில் இரு சங்கங்கள் இருந்தாலும் அவற்றின் மேலதிகாரிகள் வெவ்வேறு துறையினர்.

டெக்ஸாஸ் காட்டும் பாடம்

முன்னர்க் குறித்த டெக்ஸாஸ் மாநிலத்தின் ஆட்சியைச் சற்று நோக்குதல் பயன் தரும். அதன் பரப்பு ஏறத்தாழ 6,95,000 சதுரக் கிலோமீட்டர். தமிழ்நாட்டைப்போல் ஐந்து மடங்கிற்கும் மேல். மக்கள் தொகையோ 2020ஆம் ஆண்டுக் கணக்கின்படி 2,91,45,505. நம் மாநிலத்தின் பாதியினும் குறைவு. 1836ஆம் ஆண்டில் மெக்சிகோவிலிருந்து பிரிந்து தனி நாடாயிருந்து, 1845ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்க நாடுகளோடு இணைந்தது. மக்களில் ஐந்தில் இருவர் ஸ்பானிய மொழி வழியினர்.

அம்மாநிலம் 254 கவுண்டிகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது. கவுண்டி என்பது நமது மாவட்டம் போன்றது. ஆயின் கலெக்டர் என்று ஒருவரை மேலிடம் அனுப்புவதில்லை. கவுண்டியின் தலைவரையும் நான்கு ஆணையாளரையும் மக்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கின்றனர். காவல் அதிகாரியும் வரி வசூலிப்பவரும்கூடத் தேர்தலில் நிற்பவர்களே. 150 பேர் கொண்ட கீழ்ச்சபையும் 31 பேர் கொண்ட மேற்சபையும் இரண்டாண்டுக்கு ஒருமுறை, அதிகமாக 140 நாள் கூடிக் கலைகின்றன.

லபக் பகுதியார் நிலத்தடி நீரை இறைத்துப் பருத்தி விளைவித்தனர். ஓகலாலா என்னும் அந்நீர்த்தேக்கம் ஆண்டுதோறும் தாழ்ந்து வந்தது. 1951ஆம் ஆண்டில் பல கவுண்டிகளின் எல்லையைக் கடந்து நிலத்தடி நீர்ப் பாதுகாப்பு வட்டம் ஒன்றை அமைத்து, அதன் குழுவைத் தேர்தலால் அமர்த்தினர். நீரின் குறை அதனால் தீர்ந்துவிடவில்லை. எனினும் நீரின் எல்லையை ஆட்சியின் எல்லையாக ஏற்றுக்கொண்டது அறிவுடைமை. அப்பகுதிப் பருத்தி விவசாயிகள் 1953ஆம் ஆண்டில் லபக் நகரில் விற்பனைக் கூட்டுறவு ஒன்றை நிறுவினர். 1970களில் விவசாயிகளின் கூட்டுறவு ஒன்று லிட்டில்ஃபீல்டு என்ற ஊரில் டெனிம் துணி ஆலையையே அமைத்தது. பல ஆண்டுகள் அது நடைபெற்றது. விளைவித்தவரே நெய்து விற்றனர்.

அவர்களுடைய ஆட்சி முறையை நாம் அப்படியே கொள்ள வேண்டுவதில்லை. நியமன அதிகாரிகள் மிகுந்த நம் முறையில் மக்கள் நேரே பேசத்தக்க இடங்கள் இரண்டு என்பதை மட்டும் உணர்தல் வேண்டும்: ஒன்று கிராம சபை, மற்றொன்று சங்கப் பொதுக்குழு. 2018ஆம் ஆண்டில் தேர்ந்தெடுக்கப்பட்ட கூட்டுறவு நிர்வாகக் குழுக்களின் ஐந்தாண்டுக் காலம் 2023ஆம் ஆண்டில் முடிந்தது. 2019ஆம் ஆண்டு இறுதியில் நம் பக்கத்தில் தேர்ந்தெடுக்கப்பட்ட பஞ்சாயத்துகளின் காலம் 2025ஆம் ஆண்டு ஜனவரியில் முடிந்து, தனி அலுவலர் பொறுப்பேற்றனர். தேர்ந்தெடுக்கப்பட்டோர் இல்லாத காலத்தில் இவ்விரு சபைகளும் வெறுமையாய்க் கிடந்தால், மக்களின் குரல் ஒலிக்க வேறு இடமில்லை.

எந்த மனு எந்தக் கதவுக்கு

தணிக்கைக்குச் சென்ற ஒரு கிராமச் சங்கத்தில் தடித்த மனுக் கட்டு ஒன்றைக் கண்டேன். ஊர்க் கண்மாயின் மடை இடிந்து, இரண்டு பருவங்களாக நீர் வீணே ஒழுகிப் போயிருந்தது. அங்கத்தினர்கள் நான்கு முறை மனு அனுப்பியிருந்தனர். நான்கும் ஒரே அலுவலகத்துக்கு. அக்கண்மாய் அந்த அலுவலகத்தின் பொறுப்பில் இல்லை. பெற்றுக்கொண்டோர் அதனை உரிய இடத்துக்கு அனுப்பவும் இல்லை. எமக்குரியதன்று என்று ஒரு வரி எழுதவும் இல்லை. இரண்டு பருவத்து வெள்ளாமை போயிற்று. சங்கத்தின் கடன் தவணை நிலுவையாயிற்று. நிலுவைப் பட்டியலைப் பார்க்கும் எவரும் அங்கத்தினரைக் குறை கூறுவர். அதன் பின்னே ஒரு மடை இருந்தது என்பதை அப்பட்டியல் சொல்வதில்லை.

ஆதலின் சிலவற்றை வகுத்துக் கூறுதல் நலம்.

கண்மாயின் ஆயக்கட்டு 40 ஹெக்டேர், அஃதாவது 100 ஏக்கர், அல்லது அதற்கு மேற்பட்டதாயின் அது நீர்வளத்துறையைச் சார்ந்தது. 2021ஆம் ஆண்டில் பொதுப்பணித்துறையிலிருந்து பிரிந்த துறை இது. ஆயக்கட்டு அதற்குக் குறைந்ததாயின் பஞ்சாயத்து யூனியனின் பொறுப்பு. ஊருணி, குடிநீர்த் தொட்டி, தெரு விளக்கு ஆகியவற்றுக்குக் கிராமப் பஞ்சாயத்து.

கண்மாய்ப் புறம்போக்கிலோ வரத்துக்காலிலோ ஆக்கிரமிப்பு இருந்தால், எல்லையை அளந்து காட்ட வேண்டியவர் வருவாய்த்துறையினர். நீர்வளத்துறைக் கண்மாய்களுக்கு 2007ஆம் ஆண்டின் ஏரிகள் பாதுகாப்பு, ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம் உண்டு. ஆதலால் மனுவின் ஒரு படியைத் தாசில்தாருக்கும், மற்றொரு படியைக் கண்மாய்க்குரிய துறைக்கும் அனுப்புதல் வேண்டும். கண்மாயின் வண்டலை விவசாயத்துக்கும் மண்பாண்டத் தொழிலுக்கும் கட்டணமின்றி எடுக்க, 2024ஆம் ஆண்டு ஜூன் முதல் தாசில்தாரே அனுமதி வழங்கலாம் என்று விதி தளர்த்தப்பட்டது. வண்டல் நிலத்துக்கு உரம். அதை எடுப்பது கண்மாய்க்கு ஆழம்.

பயிர்க் காப்பீட்டில் பொதுவாக ஒருவர் நிலத்தின் நட்டத்தைத் தனியே கணக்கிடுவதில்லை. அறிவிக்கப்பட்ட கிராமம் அல்லது குறுவட்டத்தில் பயிர் அறுவடைச் சோதனை நடத்திச் சராசரி காண்கின்றனர். தம் நிலம் எந்த வருவாய்க் கிராமத்தில், எந்தக் குறுவட்டத்தில் உள்ளது என்பதையும், அடங்கலில் தாம் விதைத்த பயிரே பதிவாகியுள்ளதா என்பதையும் விதைப்புக் காலத்திலேயே பார்த்துக்கொள்ள வேண்டும். உளுந்து விதைத்தவர் நிலத்தில் வேறு பயிர் பதிவாகியிருந்தால் பின்னர் வாதிட்டுப் பயனில்லை.

நெசவாளர் குறைகளுள் நூல் வழங்கல், தறி, கூலி, கொள்முதல் ஆகியவை கைத்தறித் துறையின் உதவி இயக்குநரிடம் செல்வன. பொங்கலுக்கு வழங்கும் இலவச வேட்டி சேலைத் திட்டம் 1983ஆம் ஆண்டில் தொடங்கியது. அதன் உற்பத்தி ஆணையும் அத்துறை வழியே வருவது. சங்கத்தின் பேரேடு, அங்கத்தினர் பதிவு, பொதுக்குழு கூட்டாமை ஆகியவை பற்றிய முறையீடும் நெசவாளர் சங்கமாயின் அத்துறைக்கே. விவசாயக் கடன் சங்கமாயின் கூட்டுறவுத் துணைப் பதிவாளருக்கு.

எந்த மனுவாயினும் நகல் வைத்துக்கொள்க. பெற்றுக்கொண்டதற்கான ஒப்புதலைக் கேட்டு வாங்குக. தனி ஒருவர் கையெழுத்தினும் தீர்மான வடிவில் செல்வது வலிமை வாய்ந்தது. கிராம சபை 2022ஆம் ஆண்டு முதல் ஆண்டுக்கு ஆறு முறை கூடுமாறு வகுக்கப்பட்டது: ஜனவரி 26, மார்ச்சு 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1. இவற்றுள் மே நாள் கூட்டமே கண்மாய் வேலைக்கு உகந்தது. அன்று தீர்மானம் நிறைவேறினால் புரட்டாசிக்குள் வேலை முடிய அவகாசமுண்டு. அக்டோபரில் கூடிப் பேசினால் பேச்சு முடியுமுன் மழை வந்துவிடும்.

சங்கங்கள் செய்ய வேண்டுவது

ஒவ்வொரு சங்கமும் தன் ஊரின் படம் ஒன்றை எழுதி அலுவலகச் சுவரில் தொங்கவிடுதல் வேண்டும் என்பது எமது யோசனை. பெரும் செலவு பிடிக்கும் காரியமன்று. ஊர்ப் பள்ளி மாணவரே வரைந்து தருவர். ஊரின் கண்மாய்கள், அவற்றின் ஆயக்கட்டு, வரத்து எங்கிருந்து, மறுகால் எங்கே, பொறுப்பு யாருடையது, வருவாய்க் கிராமமும் குறுவட்டமும் எவை, யூனியனும் தொகுதிகளும் எவை என்பன அதில் இடம்பெறுக. முதியோரிடம் கேட்டால், இன்று முள்மூடிக் கிடக்கும் வரத்துக்காலின் தடத்தையும் அவர்கள் காட்டுவர். அவர்கள் இருக்கும்போதே அதனைக் குறித்துக்கொள்வது நலம்.

அப்படத்தை எழுதும்போது மேல் கண்மாய் வேறு யூனியனிலும் கீழ்க் கண்மாய் வேறு மாவட்டத்திலும் இருக்கக் காண்போம். அவ்வூர்ச் சங்கங்களுக்கு ஒரு கடிதம் எழுதி, மே மாதத்தில் ஒரே பொருள் பற்றித் தீர்மானம் செய்யுமாறு கேட்கலாம். நீரின் எல்லையை ஒட்டி ஆட்சியை மாற்றுவது நம் கையில் இல்லை. அந்த எல்லைக்குள் வாழும் சங்கங்கள் ஒன்று கூடுவதைத் தடுப்பார் எவருமில்லை. ஐப்பசி மழை எந்த மாவட்டத்துக்கு என்று கேட்டுப் பெய்வதில்லை; அதனை வரவேற்க நாம் சேர்ந்து ஆயத்தமாவோம்.